பொந்துச் சுவர்

முதலில் கேட்டது சபாபதியின் விரல் முட்டி சுவரில் மோதும் சத்தம்தான். டொக், டொக், டொக். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"வணக்கம். எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க. இதான் நம்ம கோயில் மண்டபத்து வெளிச்சுவரு. சத்தத்தக் கேட்டீங்களா? உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் பொந்து. சிங்கப்பூர் டெக்னிக்குன்னு சொல்லி நம்மள நல்லா ஏமாத்திட்டாங்க. இப்ப மழத்தண்ணி உள்ளாற ஊத்துது. இந்தப் பொம்பளகிட்ட வேல குடுக்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்குங்க லா."

கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து விழுந்த குரல் பதிவு அது. அந்தப் பொம்பளை, மலேசியாவின் யோங் பெங் ஊரில் தன் வீட்டு அடுப்படியில் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். பெயர் புஷ்பவள்ளி. திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்கக் கேட்கக் காது மடல் சூடேறியது. காப்பி ஆறிப்போனது.

புஷ்பவள்ளிக்கு நாற்பத்திரண்டு வயது. கட்டடங்களுக்கு வெளிச்சுவர் போடுவது அவள் தொழில். பொலிடெக்னிக் முடித்ததும் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் பாலத்தைத் தாண்டிப் போய், சிங்கப்பூரில் உயரமான கட்டடங்களின் முதுகில் தொங்கிக்கொண்டு அதைக் கற்றாள். வெயிலும் மழையும் ஒரு சுவரை எப்படியெல்லாம் தின்னும் என்று கண்ணால் பார்த்தவள். ஊர் திரும்பிச் சொந்தமாகத் தொழில் தொடங்கியபோது அவள் செய்த முதல் பெரிய வேலை இந்த மண்டபம். அதைப் பார்த்துவிட்டுத்தான் பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட வாரியத்தார் தங்கள் புதுக் கட்டடத்தின் வெளிச்சுவரை அவளுக்கே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வாரியத்துத் தலைவரும் இதே வாட்ஸ்அப் குழுவில் இருந்தார். சபாபதியின் பதிவு வந்த அரை மணியில் அவர் கூப்பிட்டார்.

"கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்மா. மத்தவங்க என்னா சொல்றாங்கன்னும் பாக்கணும்ல."

பொறுத்துப் பார்ப்போம் என்றால் கிடையாது என்று அர்த்தம். இது தெரியாத ஒப்பந்தக்காரர் இந்த மாநிலத்திலேயே இல்லை. இந்த வேலை போனால் ஒரு வேலை மட்டும் போகாது. பொந்துச் சுவர் புஷ்பவள்ளி என்று ஒரு பட்டம் கிளம்பிவிடும். நம் ஆட்களுக்குப் பட்டம் கட்டுவதற்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? ஒட்டினால் ஆயுசுக்கும் உரியாது.

அவள் போடும் சுவரைத் தட்டினால் பொந்தாகத்தான் கேட்கும். கேட்க வேண்டும். உள்ளே செங்கல் சுவர். அதன்மேல் தண்ணீர் புகாத கருப்பு ஷீட். அப்புறம் மூன்று விரல் அகலத்துக்கு வெறும் இடைவெளி. அதற்கும் வெளியே அலுமினியச் சட்டத்தில் மாட்டிய சிமெண்டுப் பலகை. மழை பலகையில் அடிக்கும். இடுக்கு வழியாகக் கொஞ்சம் உள்ளே நுழையத்தான் செய்யும். நுழைந்தது இடைவெளியில் வழிந்து, அடியில் வலை போட்ட திறப்பு வழியாக வெளியே ஓடிவிடும். கீழிருந்து ஏறும் காற்று மிச்ச ஈரத்தைக் காயவைத்துவிடும். மண்டபம் மேற்குப் பார்த்தது. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் காற்றுமழை நேராக அந்தச் சுவரில்தான் வந்து அறையும். அந்த அடியைத் தாங்குவதே அந்த வெறும் இடம்தான்.

இதையெல்லாம் மண்டபத்தை ஒப்படைத்த அன்று நிர்வாகத்தாரை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னாள். இந்தச் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்றும் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் நம் ஆட்களை மிஞ்ச ஒருவன் பிறந்து வரவேண்டும்.

"ரூபன், ஏணி, டிரில் எல்லாம் எடுத்துக்கிட்டு கோயிலுக்கு வா. இப்பவே" என்று தன் வேலையாள் ரூபேந்திரனுக்குப் போன் போட்டுவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தாள்.

"நானும் வரேன்" என்று அறையிலிருந்து வந்தாள் அம்மா கருப்பாயி. காஹாங் தோட்டத்தில் புல்லு வெட்டியே முதுகு வளைந்தவள். புருஷன் அய்யாவு போன பிறகு மகளோடு இருக்கிறாள்.

"நீ எதுக்கும்மா? நான் சண்ட போடப் போறேன்."

"அதுக்குத்தான் வரேன்."

செம்பனைத் தோட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் சாலையில் கார் பறந்தது. கருப்பாயி சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக வந்தாள். பாதி வழியில் மெல்ல வாயைத் திறந்தாள்.

"புஷ்பா, சுவத்துல கல்லுகில்லு பதிச்சா தண்ணி வருமா?"

"என்னா கல்லு?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

மகள் அப்போது இருந்த சூட்டில் அதற்குமேல் கேட்கவில்லை.

மண்டபத்துக்கு முன்னால் காரை நிறுத்தி இறங்கியவள் கதவைச் சாத்தக்கூட மறந்து நின்றாள். அவள் விட்டுப்போன சாம்பல்நிறச் சுவரைக் காணோம். தரையிலிருந்து தலைக்கு மேல் வரை கருங்கல் பலகைகள். ஒவ்வொன்றிலும் தங்க எழுத்து. உபயம், உபயம், உபயம்.

நம் கோயில்களில் பேர் இல்லாத பொருள் உண்டா? குழல்விளக்கில் பேர், தண்ணீர்த் தொட்டியில் பேர், காற்றாடியின் இறக்கையில் பேர். காற்றாடி ஓடினால் படிக்க முடியவில்லை என்று அதை நிறுத்திவைத்த உபயக்காரரைக்கூட அவளுக்குத் தெரியும். கொடுத்தவர் பேர் இருக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? உள்ளே எவ்வளவு சுவர் காலியாகக் கிடக்கிறது! ஆனால் உள்ளே பதித்தால் சாலையில் போகிறவன் பார்க்க மாட்டானே. அதனால் மழை அறையும் சுவராகப் பார்த்துப் பதித்திருக்கிறார்கள். ஒரு கல்லுக்கு நான்கு மூலையிலும் நான்கு நீள ஸ்க்ரூ. சிமெண்டுப் பலகையைத் துளைத்து, இடைவெளியைத் தாண்டி, கருப்பு ஷீட்டைக் கிழித்து, செங்கல்லில் போய் நிற்கும் ஸ்க்ரூ. சுவர் முழுக்க மழைத்தண்ணீருக்குப் பாலம் போட்டுக்கொடுத்திருந்தார்கள்.

அவளுக்குப் பெற்ற பிள்ளையின் உடம்பில் எவனோ சூடு போட்டதைப் பார்த்த மாதிரி இருந்தது.

கோயில் தலைவர் சபாபதி வாசலிலேயே இருந்தார். லோரிக் கம்பெனி வைத்து நன்றாக வந்தவர். வெள்ளை வேட்டி, கழுத்தில் சங்கிலி, கையில் எப்போதும் போன். பக்கத்தில் செயலாளர் குணாளன், தலைவர் சொல்வதற்கெல்லாம் 'ஆமாங்க' போடுவதற்காகவே நின்றார்.

"வாங்கம்மா. வந்து ஒங்க சுவத்தப் பாருங்க" என்றார் சபாபதி.

"தலைவரே, இந்தச் சுவத்துல கை வெக்காதீங்கன்னு நான் சொன்னனா இல்லியா?"

"ஆணி அடிக்கக்கூடாதுன்னுதான் சொன்னீங்க. நாங்க ஆணி அடிக்கலயே. டிரில் போட்டு ஸ்க்ரூ வெச்சோம்."

"ஆமாங்க" என்றார் குணாளன்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ரூபேந்திரன் அதற்குள் குனிந்து சுவரின் அடியில் இருந்த வலையைக் கழற்றியிருந்தான். உள்ளே விரலை விட்டவன் முகம் மாறியது.

"அலமாக். புஷ்பாக்கா, இங்க பாருங்க."

காய்ந்த சிமெண்டுக் கட்டிகள் உதிர்ந்தன. பின்னாலேயே ஈரமும் பாசி நாற்றமும்.

"இடைவெளிக்குள்ள யாரு சிமெண்ட ஊத்தினது?" என்று கேட்டாள்.

"கல்லு பதிக்கற ஆளுதான்" என்றார் சபாபதி. அவர் முகத்தில் துளி வெட்கம் இல்லை. "அவன்தான் தட்டிப் பாத்துட்டுச் சொன்னான், உள்ள பொந்தா இருக்குது, ஸ்க்ரூ நிக்காதுன்னு. ஒவ்வொரு ஓட்டைக்கும் சிமெண்டு தள்ளிக் கெட்டியாக்கிட்டோம். நீங்க விட்ட கொறைய நாங்க சரி பண்ணியிருக்கோம். அதுக்குக் காசு கேக்கல நாங்க."

புஷ்பவள்ளி சுவரிடம் போனாள். கல் பதிக்காத ஓரமாகப் பார்த்துத் தட்டினாள். டொக் என்றது. "இது நல்லா இருக்குது" என்றாள். இரண்டு கற்களுக்கு நடுவில் தட்டினாள். தொப் என்று ஊமையாகக் கேட்டது. "இது செத்துப்போச்சு. தண்ணி எறங்க வழி வெச்சுக் குடுத்தேன். வழிய அடச்சிட்டு, தண்ணி உள்ள வருதுன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. வீட்டு அலூர, சாக்கடைய அடச்சா வெள்ளம் எங்க போகும் தலைவரே, மேலயா போகும்?"

அவர் பதில் சொல்லுமுன் விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். சமையல்கட்டை ஒட்டிய மூலையில் சுவிட்சுப் பெட்டி. அதற்கு மேலே பெயிண்டு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஈரம் பெட்டியின் மேல்விளிம்பு வரை இறங்கியிருந்தது. ஐந்தடி தள்ளி பாட்டிமார் உட்கார்ந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கோபத்தோடு இப்போது பயமும் சேர்ந்துகொண்டது. ஒரு வார்த்தை பேசாமல் மெயின் சுவிட்சை இறக்கினாள். விளக்கு அணைந்தது, காற்றாடி நின்றது, ஒலிபெருக்கியில் பாதிப் பாட்டு அறுந்தது. என்னவோ ஏதோவென்று கோயிலில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்து சுவருக்கு முன்னால் கூடிவிட்டார்கள்.

"எல்லா கல்லையும் கழட்டணும்" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கும்படி. "கழட்டிட்டு, பலகைய எடுத்து, சிமெண்டச் சொரண்டி, புது ஷீட்டு ஒட்டணும். இல்லன்னா உள்சுவரே ஊறி உப்பிப்போயிரும். கல்ல உள்ள பதிச்சுக்குங்க, எங்க வேணும்னாலும் பதிச்சுக்குங்க. இங்க வேணாம்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சபாபதி அவளைக் கையைக் காட்டி ஓரமாக அழைத்தார். குரல் திடீரென்று சர்க்கரையாகியிருந்தது.

"சண்ட எதுக்கும்மா? பேர எடுக்கறதுன்னா லேசா? உயிரோட இருக்கறவன் வந்து சட்டயப் புடிப்பான். செத்தவங்க வீட்ல சாபம் வுடுவாங்க. ஒண்ணு செய்ங்க. கல்லச் சுத்தி சிலிக்கன் பசை போட்டு, உள்ளுக்கு ஒரு பெயிண்டு அடிச்சு விட்ருங்க. சரி பண்ணிட்டாங்கன்னு நானே குரூப்ல பேசுறேன். பத்து பாகாட்காரங்களும் கேப்பாங்கள்ல."

பள்ளிக்கூடத்துச் செய்தி இவருக்கும் எட்டியிருக்கிறது. தெரிந்தேதான் காலையில் அப்படிப் பேசியிருக்கிறார்.

ஒரு கணம் 'சரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொய் சொல்வானேன்? அரை நாள் வேலை. சிலிக்கன் ஒரு மழைக்காலம் தாங்கும். அவள் பேர் தப்பிக்கும், பள்ளிக்கூட வேலை கைக்கு வரும். உள்ளே சுவர் சத்தமில்லாமல் அழுகும். சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கிழவிகள் வாரா வாரம் காய் நறுக்குவார்கள். அந்த நினைப்பில் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"முடியாது" என்றாள். "மூடி மெழுகற வேல எனக்குத் தெரியாது."

சபாபதியின் சர்க்கரை கரைந்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "கேட்டீங்களா? ஒங்க பேரெல்லாம் கழட்டி எறியணுமாம்! அடுத்தவன் வீட்டுப் பேருன்னா லேசாத்தான் இருக்கும். ஏம்மா, ஒங்கப்பா பேர கழட்டுவியா நீ?"

"எங்கப்பா பேரா? எங்கப்பா பேரு இங்க எங்க இருக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். தலை உயரத்தில், மூலையில், சின்னதாக ஒரு கல். அமரர் அய்யாவு நினைவாக. உபயம்: மனைவி கருப்பாயி, மகள் புஷ்பவள்ளி.

உள்ளே எந்த இடத்தில் ஈரம் இறங்கியிருந்ததோ, நேராக அந்த இடம். சுவிட்சுப் பெட்டியின் தலைக்கு மேலே துளைத்திருந்தது வேறு எவர் கல்லும் இல்லை. அவள் பேரேதான்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். புஷ்பவள்ளி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கருப்பாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீயா? நீயுமாம்மா? ஒனக்குமா புத்தி இல்லாமப் போச்சு? நான் கட்டின சுவத்துல என் பேராலயே ஓட்ட போட்டுருக்கியே! அப்பா கேட்டாரா ஒன்ன, என் பேர சுவத்துல எழுதுன்னு?" வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். இத்தனை பேர் முன்னால் தாயைப் பேசுகிறோமே என்ற உறுத்தல் கொஞ்சமும் அப்போது இல்லை.

கருப்பாயி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஒங்கப்பாவுக்காகப் போடல. ஒனக்காகத்தான் போட்டேன். பெயிண்டு வாங்கிக் குடுத்தவன் பேரு இருக்கு. நாற்காலி குடுத்தவன் பேரு இருக்கு. வெயில்ல நின்னு கட்டினவ பேரு எங்கயாச்சும் இருக்கா? தலைவருகிட்ட கேட்டேன். உபயம் குடுத்தாத்தான் பேருன்னு சொன்னாரு. குடுத்தேன்."

புஷ்பவள்ளி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுதால் இந்தக் கூட்டம் அதையும் போனில் பிடிக்கும்.

"ரூபன், டிரில்லக் குடு" என்றாள்.

அவளே கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். மேல் ஸ்க்ரூ இரண்டும் துருப்பிடித்து முனகிக்கொண்டே கழன்றன. கீழ் ஸ்க்ரூ கழன்றதும் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டது. பழுப்பு நிறத் தண்ணீர், சிமெண்டுக் கறையோடு. அவள் சட்டையை நனைத்து, தரையில் வழிந்து, முன்வரிசையில் நின்றவர்களின் செருப்புவரை ஓடியது. நின்றபாடில்லை. சிரித்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு கிழவி எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ, இத்தன தண்ணியா உள்ள நிக்கிது! நாங்க அந்தாண்டதான உக்காந்துருக்கோம்" என்று கன்னத்தில் கை வைத்தாள்.

கல் விடுபட்டது. கருப்பாயி வந்து அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் புருஷன் பேரைத் துடைத்தாள், மகள் பேரையும் துடைத்தாள். மார்போடு அணைத்துக்கொண்டு நேராகச் சுவரின் நடுவுக்கு நடந்தாள். அங்கே எல்லாக் கற்களையும்விடப் பெரிதாக, கதவுப் பலகை அளவுக்கு ஒன்று. ஆலயத் தலைவர் சபாபதி குடும்பத்தினர்.

"என் புருஷன் பேரு எங்கையில இருக்கு" என்றாள். "ஒங்க பேரு எதுக்கு இன்னும் சுவத்துல இருக்கு?"

"இங்க பாருங்கம்மா, அது வேற..."

"என்னா வேற? ஒங்க ஸ்க்ரூவுல தண்ணி ஏறாதா?"

அந்தக் கிழவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்க வீட்டுக்காரரு பேரு ரெண்டாவது வரிசையில இருக்கு. கழட்டுங்க. உள்ள மாட்டிக்கிறோம்." அப்புறம் இன்னொருவர். குணாளன்கூட, யாரும் கேட்காமலே, "எங்கம்மா பேரையும்" என்றார். அன்றைக்கு அவர் ஆமாங்க என்று முடிக்காத ஒரே வாக்கியம் அது.

சபாபதி சுற்றுமுற்றும் பார்த்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டினார், இறக்கினார். "சரி சரி. சாயங்காலம் கழட்டிக்கலாம். எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும்."

"இல்ல" என்றாள் புஷ்பவள்ளி. நனைந்த சட்டையோடு அவர் முன்னால் வந்து நின்றாள். கோபம் இறங்கவில்லை. ஆனால் இப்போது அது குரலை உயர்த்தச் சொல்லவில்லை. "எல்லாரும் கேக்கணும்னுதான காலைல பேசினீங்க? எல்லாரும் பாக்கவே கழட்டுவோம். அதுக்கு முன்னாடி போன எடுங்க. அதே குரூப்பு. இடைவெளிய அடச்சது யாரு, சுவத்தத் தொளச்சது யாருன்னு நீங்களே சொல்லுங்க. அப்புறம்தான் என் ஆளு ஏணி வெப்பான்."

"நான் எதுக்கு..."

"சொல்லாட்டி நான் இப்பவே கெளம்பறேன். மெயின் சுவிட்ச நீங்களே ஏத்திக்குங்க."

யாரும் நகரவில்லை. ஓட்டையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கிழவிகள் தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கட்டைவிரலால் அழுத்தினார். "வணக்கம்" என்று ஆரம்பித்தவர், மிச்சத்தை மீசைக்குள்ளேயே முணுமுணுத்தார்.

கருப்பாயி கல்லை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"சத்தமா சொல்லுங்க தலைவரே" என்றாள். "காலைல நல்லா சத்தமாத்தான இருந்துச்சு."